வாக்கிங் வேறு, நடப்பது வேறு

எங்கள் பகுதியில் யாருமே வாக்கிங் போவதில்லை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. அரசாங்கமே ஆள் அனுப்பி, வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கேட்டுக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு, ஐயோ பாவம், இந்த ஜனங்கள் நடக்கவே பழகவில்லையே என்று மனமிரங்கி, எங்களை நடக்க வைப்பதற்கென்றே ஒரு திட்டமும் போட்டது. திட்டம் நல்லபடியாக முடிந்தது. முடிந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் வெளியே நடப்பதில்லை.

குன்னூரிலிருந்து அருவங்காடு போகிற பக்கம், மெயின் ரோட்டுக்குக் கீழே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. மனுஷனுக்கு வேண்டியது எல்லாமே மேலே ரோட்டில் இருக்கிறது. பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, மருந்துக் கடை, டீக்கடை. கீழே இருப்பது நாங்கள் மட்டும்தான். ரோட்டு வழியாகவே மேலே போக வேண்டுமென்றால் சந்திலிருந்து வெளியே வந்து, கொண்டை ஊசி வளைவைச் சுற்றிக்கொண்டு, சீசனுக்கு வருகிற கார்களுக்குப் பயந்து ஒடுங்கி ஒடுங்கிப் போக வேண்டும். அப்படி யார் போவார்கள்? வீடுகளுக்குப் பின்னாலிருந்து நேரே ரோட்டுக்கு ஏறும் படி வழி ஒன்று இருந்தது. அதற்குக் ‘குறுக்கு’ என்று பெயர். நீலகிரியில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு குறுக்கு இருக்கும். ரோடு வண்டிக்கு, குறுக்கு காலுக்கு.

எங்கள் குறுக்கை எந்த மகராசனும் உட்கார்ந்து வரைபடம் போட்டுக் கட்டவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவர்கள் நடந்து நடந்து தடமாக்கினார்கள். மழையில் சறுக்கி விழுந்தவர்கள் எழுந்து, நாலு திட்டுத் திட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கல்லைப் போட்டார்கள். வீடு கட்டியவர்கள் மிச்சமான சிமெண்டைக் கொட்டினார்கள். ஒரு படி முழங்கால் உயரம் இருக்கும், அடுத்த படியில் பாதம் முழுசாகப் பதியாது. கல்யாணமாகி பவானியிலிருந்து வந்த புதிதில், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் அடியில் நின்று நான் அழுதிருக்கிறேன். சமதரையில் பிறந்தவளை இப்படி ஆட்டுக்குட்டி மாதிரி ஏறவிட்டார்களே என்று என் அப்பாவை மனதுக்குள் வைதேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பழகிவிட்டது. அப்புறம் எத்தனையோ முறை பஸ் வரும் சத்தம் கேட்ட பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு ஓடி, அதே பஸ்ஸைப் பிடித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் கொழுந்து லாரி ஓட்டியவர். கட்டபெட்டு, கோத்தகிரி என்று எல்லா வளைவும் அவருக்கு அத்துப்படி. கண்ணில் அழுத்தம் என்று டாக்டர் சொன்னபோது ஏற்கெனவே பாதிப் பார்வை போயிருந்தது. மீதியும் மெல்ல மெல்லப் போனது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். அதற்காக அவர் ஒன்றும் இடிந்துபோய் உட்காரவில்லை. “மிஸ்ட் இறங்கிருச்சு அம்மிணி, லைட்டுப் போட்டாலும் ரோடு தெரியறதில்ல” என்று டிரைவர் பேச்சாகவே சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

அவருடைய வேலை என்றால், காலையில் டீக்கடைக்குப் போவது. நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். நான் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அவரும் கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு, கம்பை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுக் குறுக்கில் ஏறிவிடுவார். கடையில் அவர் வயசு ஆட்கள் நாலைந்து பேர். ஒரு டீ, அதில் முக்கித் தின்ன ஒரு வர்க்கி, ஊரில் இல்லாத அரசியல். மத்தியானச் சோற்றுக்கு இறங்கிவிடுவார். யாராவது கையைப் பிடிக்க வந்தால் பிடிக்காது. “விடுப்பா, நான் என்ன சின்னக் கொழந்தையா?” என்பார். எந்தப் படி உயரம், எந்தப் படி ஆடும், எந்த இடத்தில் குழாய்த் தண்ணீர் கசியும் என்று அவர் காலுக்குத் தெரியும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, அங்கே குடியிருந்த எல்லோருடைய காலுக்கும் அது தெரியும். அவருக்குக் கண் இல்லாததால் அது சொத்தாக இருந்தது. கொதிக்கிற சாம்பார் முன்னால் நின்றுகொண்டு அவரைப் பற்றி ஒரு நாளும் நான் கவலைப்பட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், குறை சொல்ல முடியாது. கையில் செல்போன், வாயில் சிரிப்பு. நான் ரேஷன் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து குறுக்கில் இறங்கி வாசலில் இறக்கி வைக்கிறேன், மூச்சு வாங்குகிறது. அப்போது கேட்டாள்.

“அக்கா, நீங்க டெய்லி வாக்கிங் போவீங்களா?”

“அதுக்கெல்லாம் எங்கம்மிணி நேரம்? வேலைக்கு ஓடறதுக்கே சரியா இருக்குது” என்றேன். இல்லை என்ற இடத்தில் விரலை வைத்து அமுக்கிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா சிலோன் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் திரும்பி வந்தவள். அவளிடம் அதே கேள்வி. “வாக்கிங்கா? அது பங்களாவுல இருந்த தொரமாரு போறது புள்ள. நாயப் புடிச்சிக்கிட்டு போவாங்க. நம்மகிட்ட ஏது நாயி?” என்றாள் அவள். அதற்கும் ஓர் அமுக்கல்.

என் வீட்டுக்காரரை அந்தப் பெண் பிடித்தது குறுக்கின் உச்சியில். அத்தனை படியும் ஏறி, கம்பை ஊன்றி நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்த மனுஷனிடம், ஐயா வாக்கிங் போவீங்களா என்று கேட்டிருக்கிறாள். “அது சுகர் இருக்கறவங்க போறது சாமி. எனக்குக் கண்ணுதான் போச்சு, சுகரெல்லாம் இல்லீங்” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதை ஒரு ஜோக்காகச் சொன்னார், இருவரும் சிரித்தோம்.

இதில் எங்கள் தப்பு என்ன, சொல்லுங்கள். வாக்கிங் என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு, காதில் எதையோ சொருகிக்கொண்டு, கையை வீசி வீசிப் புறப்பட்டு, எங்கேயும் போகாமல் திரும்பி வருவது. நாங்கள் செய்தது அது இல்லையே. வேலைக்குப் போனோம், கடைக்குப் போனோம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனோம். அதற்கு என்ன பெயர் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

அப்புறம் சமுதாயக் கூடத்தில் மீட்டிங் போட்டார்கள். டீயும் பிஸ்கட்டும் உண்டு என்றதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. திட்டம் போட்ட டிசைனர் மேடம் பெரிய ஊரிலிருந்து வந்திருந்தார். திரையில் வெளிநாட்டுத் தெருக்களைக் காட்டினார். அங்கே மனுஷர்கள் நடக்கிறார்கள், கார்கள் காத்திருக்கின்றன. வாக்கபிலிட்டி, வாக்கபிலிட்டி என்று ஒரு வார்த்தையை அடிக்கடி சொன்னார். எனக்குப் பின்னால் இருந்தவள், அது என்ன வியாதி என்று கேட்டாள்.

ஆனால் அந்த மேடம் ஒன்று சொன்னார், அதை நான் மறக்க மாட்டேன். “ஒரு தெரு நல்ல தெருவான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஒரு சின்னக் குழந்தையும் ஒரு வயசானவரும் யாரோட துணையும் இல்லாம அதுல போய் வர முடியணும். அவ்வளவுதான்.” முதலில் கை தட்டியது நான்தான். அடடா, நம் கஷ்டம் தெரிந்த ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று மனசு குளிர்ந்துபோனது. ரோட்டோரத்தில் நடக்க இடம் விடப்போகிறார்கள், குறுக்குக்கு ஒரு கைப்பிடிக் கம்பி வைக்கப்போகிறார்கள் என்றெல்லாம் என் பாட்டுக்குக் கற்பனை ஓடியது.

அடுத்த படம் எங்கள் சரிவு. குறுக்கு இருந்த இடத்தில் பச்சை வட்டம் போட்டு ‘பயன்பாட்டில் இல்லாத சரிவு’ என்று எழுதியிருந்தது. இந்தப் பகுதி மக்களிடம் வாக்கிங் பழக்கமே இல்லை என்று சர்வேயில் தெரிந்ததாம். அதனால் அந்த இடத்தில் ஒரு பூங்கா, பூங்காவுக்குள் ஒரு வாக்கிங் டிராக். பழக்கத்தை உண்டாக்கப் போகிறார்களாம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்றேன். “ஏனுங்க மேடம், அது குறுக்குங்க. இங்க இருக்கறவங்க அத்தனை பேரும் அதுலதான் நடந்து போறோம்.”

பக்கத்தில் இருந்த என்ஜினியர் பதில் சொன்னார். “நீங்களே வாக்கிங் போறதில்லைன்னுதானேம்மா சொல்லியிருக்கீங்க?”

“வாக்கிங் போறதில்லைன்னுதானுங்க சொன்னோம். நடக்கறதில்லைன்னா சொன்னோம்?”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. அது இங்கிலீஷ், இது தமிழ்.”

கூடமே சிரித்தது. பிஸ்கட் தின்ற வாயோடு எங்கள் ஆட்களும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்கு எரிச்சல். நான் விடவில்லை. “என்ற ஊட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதுங்க. அவரு தனியா போய் வர்ற ஒரே வழி அது. அதை எடுத்துப்போட்டீங்கன்னா மனுசன் ஊட்டோட கெடக்கோணும்” என்றேன். டிசைனர் மேடம் மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “கவலையே படாதீங்கம்மா. அவரை மாதிரி ஆட்களுக்காகத்தான் இதெல்லாம். கண்ணு தெரியாதவங்க காலாலயே வழி தெரிஞ்சுக்கற மாதிரி புள்ளி வெச்ச மஞ்சள் டைல்ஸ் போடறோம்.” அவர் கண்ணில் பொய் இல்லை. அதுதான் கொடுமை. ஏமாற்றுகிறவர் என்றால் சண்டை போடலாம், நல்லது செய்கிறவரிடம் என்னத்தைச் சொல்லிச் சண்டை போடுவது?

வேலை ஆரம்பித்தது. அத்தனை வருஷம் அத்தனை கால்கள் போட்ட படிகளைப் பொக்லைன் ஒரே காலையில் வாரிப் போட்டுவிட்டது. கீழே எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குத் தடுப்புச் சுவர் எழும்பியது. சுவர் மேல் பச்சைக் கம்பி வேலி. பூங்காவுக்கு ஒரே கேட், அதுவும் மேலே மெயின் ரோட்டுப் பக்கம். கீழே ஒரு கேட் வைக்கச் சொல்லி நாங்கள் போய்க் கேட்டோம். “கீழ வெச்சா கண்டவங்களும் உள்ள வந்துருவாங்கம்மா” என்றார் மேஸ்திரி. நாங்கள்தான் அந்தக் கண்டவங்க என்பது அவருக்கு உறைக்கவில்லை. காட்டெருமை வேறு வந்துவிடுமாம். காட்டெருமை என்ன, கேட்டைத் திறந்துவிடச் சொல்லியா வரும்? வேலி போட்ட மறுவாரமே மேல்பக்கமாக வந்து, டிராக்கில் நிதானமாக ஒரு சுற்று நடந்து, நட்டு வைத்த பூச்செடியை மேய்ந்துவிட்டுப் போனது. எங்கள் பகுதியில் முதன்முதலாக வாக்கிங் பழக்கம் வந்தது அதற்குத்தான்.

இன்னொரு கூத்தும் உண்டு. நடப்பதற்கென்று வருகிறவர்கள் காரில் வருவார்களே, காரை எங்கே நிறுத்துவார்கள்? அதற்காக ரோட்டோரத்தில் இருந்த மண் பாதையைச் சிமெண்ட் போட்டுப் பார்க்கிங் ஆக்கினார்கள். குறுக்கு போன பிறகு நாங்கள் ஒடுங்கி நடக்க இருந்த இடமும் அதோடு போயிற்று. இப்போது வளைவில் ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் நிற்கிற கார், நடுவில் ஓடுகிற கார். இதற்குப் பேர் வாக்கபிலிட்டி.

குறுக்கை உடைத்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் கம்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மூன்றாவது படி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, காலை வைத்து வைத்துத் தேடியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். காண்டிராக்டரின் சூப்பர்வைசர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்தாராம். சாயங்காலம் அந்த சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, “அம்மா, பெரியவரத் தனியா விடாதீங்க” என்று அக்கறையாகச் சொன்னார். மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. அந்த மனுஷனைத் தனியாக விடு என்றுதானே நான் மீட்டிங்கில் கத்தினேன்!

ரோட்டு வழியாக அவரைக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கையைப் பிடிக்க ஒருவழியாகச் சம்மதித்து வந்தார். வளைவில் ஒரு வெளியூர் வேன் எங்கள் காதருகே ஹாரனை அமுக்கியது. லாரியை அந்த வளைவில் எத்தனை ஆயிரம் முறை திருப்பியிருப்பாரோ, அதே இடத்தில் நிறுத்தியிருந்த ஒரு காரோடு ஒட்டி நின்று நடுங்கினார். ஜன்னலில் தலையை நீட்டிய ஒரு பையன், “பாட்டி, ஓரமாப் போங்க” என்றான். ஓரம் எங்கேடா இருக்கிறது, உங்கப்பன் காரை நிறுத்தி வைத்திருக்கிற இடம்தான் ஓரம் என்று கத்தினேன். வேன் போய்விட்டிருந்தது. அதற்கப்புறம் டீக்கடைப் பேச்சை எடுத்தாலே, “குளுரா இருக்குது, நாளைக்குப் பாக்கலாம்” என்பார்.

திறப்பு விழா வந்தது. ஊர் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதி, பக்கத்தில் சிவப்பு இதயம் வைத்து, படம் எடுத்துக்கொள்ள ஓர் இடம். வழுக்குகிற பளபள டைல்ஸ், நடுவில் புள்ளி வைத்த மஞ்சள் வரிசை. கேட்டில் அறிவிப்புப் பலகை: சுமை தூக்கி வரக் கூடாது, குறுக்கே கடக்கக் கூடாது. டிசைனர் மேடம் மறக்காமல் என் வீட்டுக்காரரை வரச் சொல்லி ஜீப் அனுப்பியிருந்தார். மஞ்சள் டைல்ஸில் முதல் ஆளாக அவர்தான் நடக்க வேண்டுமாம், பேப்பரில் படம் வருமாம். போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். நல்ல சட்டையை எடுத்துத் தரச் சொன்னார். ஷேவ் பண்ணிக்கொண்டார். டைல்ஸில் கால் பழகிவிட்டால் மறுபடியும் தனியாகப் போய் வரலாம் என்று அவருக்கு ஓர் ஆசை. சொல்லவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்தது. எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது, எதற்கு மறைக்க வேண்டும்.

மாலை போட்டார்கள். பெரிய அதிகாரி ஒருவர் கையைப் பிடிக்க வந்தார். “விடுங்க சார், நான் போயிக்குவேன்” என்று கம்பை ஊன்றி இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, மஞ்சள் புள்ளியைக் காலால் தடவித் தடவி நடந்தார். பரவாயில்லையே என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். நடை கொஞ்சம் கொஞ்சமாக வேகமானது. கேமராக்காரர்கள் முன்னாலே ஓடினார்கள். ஒரு வளைவு, இன்னொரு வளைவு, சரிவின் அடியில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிப் போனார். என் வீட்டு மிளகாய்ச் செடியின் மேல் அவர் நிழல் விழுந்தது. அங்கேதான் வழி திறக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு நிமிஷம் நின்றார். டைல்ஸ் திரும்பி மேலே ஏறியது. அவரும் ஏறி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

“ஏனுங்க சார், இது எங்க போகுதுங்க?” என்று கேட்டார்.

“எங்கயும் போகாதுங்க ஐயா, அப்படியே சுத்தி இங்கயே வந்துரும்” என்றார் அதிகாரி, ஏதோ வசதியைச் சொல்வது போல.

“அதுக்கு எதுக்குங்க இவ்வளவு தூரம்? நான் ஊட்டுக்குள்ளயே சுத்திக்கறேன்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். நல்ல தமாஷ் என்று சிரித்தார்கள். சிரிக்கிற முகத்தோடுதான் படம் பேப்பரில் வந்தது.

தமாஷ் இல்லை. சொன்னபடியே செய்தார். முன் அறையிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து முன் அறை. நான் காலையில் கிளம்பும்போது உட்கார்ந்திருப்பார், திரும்பி வரும்போதும் அங்கேயேதான் இருப்பார். அரசியல் பேச ஆள் இல்லாமல் என்னிடம் விலைவாசி பேசிப் பார்த்தார், நான் களைத்துப்போய் ம் கொட்டியதில் அதையும் விட்டுவிட்டார். ரோட்டில் நான் கூட்டிப் போகிறேன் என்று ஒரு நாள் வற்புறுத்தினேன். “நீ கூட்டிட்டுப் போனா ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருக்குது அம்மிணி” என்றார். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

போன வாரம் டீக்கடை ஆட்கள் வந்தார்கள். நாலு பேரும் சேர்ந்து ஆட்டோ பிடித்து, வளைவெல்லாம் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது. தேர்தல், தேயிலை விலை, யாருடைய மகன் எந்தக் கட்சிக்குத் தாவினான் என்று கொஞ்ச நேரம் வீடே அமளிப்பட்டது. நான் டீ போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது ஒருவர், “உடம்பப் பாத்துக்க” என்று அவர் தோளைத் தட்டினார். இன்னொருவர் ஒரு பையை அவர் மடியில் வைத்தார். ஆட்டோ போகும் சத்தம் அடங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். நாலு சாத்துக்குடி, ஒரு பாக்கெட் பிரெட்.

“இவனுங்க எதுக்கு எனக்கு பிரெட்டு வாங்கிட்டு வந்தானுங்க?” என்று கேட்டார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். பிரெட்டை அப்படியே கையில் வைத்துக்கொண்டு, நான் நிற்கிற பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

“நான் எப்ப அம்மிணி சீக்காளி ஆனேன்?”